டீச்சரின் நான்கு குளம்புகளும் என் அத்தையும்

வீட்டுக்கு யார் வந்தாலும் என் அத்தை முதலில் முகத்தைப் பார்க்க மாட்டாள். வாசலில் கழற்றிப்போட்ட செருப்பைப் புரட்டிப் பார்ப்பாள். "இடது குதிகால் வெளிப்பக்கமா தேஞ்சிருக்கே, இடுப்பு வலிக்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் "வாங்க" என்பாள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய ஆள் நான். அன்றைக்கும் என் புது ஷூவைத்தான் புரட்டினாள். "இன்னும் ஒண்ணும் தேயலையே" என்றாள். அது வாழ்த்தா கிண்டலா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

எல்லாம் தொழில் பழக்கம். குதிரைச் சவாரி சொல்லித்தரும் பள்ளியின் லாயத்தில் இருபது வருடமாகக் குளம்பு பார்க்கிறாள். மாமாவுக்கும் அங்கேதான் வேலை, தீவனம் போடுவது. மற்ற குதிரைகளுக்கு லாடம் அடிக்க வெளியாள் வருவார். லாடமில்லாமல் வெறுங்காலோடு நடப்பது ஒரே ஒரு கிழட்டுப் பெண்குதிரை. நான் சொல்லப்போவது நடந்தபோது அதற்கு வயது இருபத்தாறு. பயந்த குழந்தைகளெல்லாம் முதலில் ஏறுவது அதன் முதுகில்தான் என்பதால் அதற்கு டீச்சர் என்று பெயர்.

டீச்சருக்கு மூட்டுவலி. காலை உயரத் தூக்கினால் தள்ளாடும். அதனால் அத்தை தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தூக்காமல், தானே நன்றாகக் குனிந்து, கொக்கியால் மண்ணையும் கல்லையும் நோண்டி எடுப்பாள். பிறகு மோந்து பார்ப்பாள். அழுகல் வாடை இல்லையென்றால் காலைக் கீழே விட்டு, டீச்சர் இளைப்பாறியதும் அடுத்த கால். ஆறு வாரத்துக்கு ஒருமுறை அரம் போட்டு விளிம்பை உருட்டிவிடுவாள். அடிப்பாகத்தில் கத்தி படக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

அதை அவளே ஒரு தடவை மீறினாள்.

வருடாவருடம் கால்நடை மருத்துவர் வந்து குதிரைகளைச் சரளைக்கல் பாதையில் நடக்கவிட்டுப் பார்ப்பார். நொண்டுகிற குதிரையை விற்றுவிடுவார்கள். இருபத்தாறு வயதுக் குதிரையை யார், எதற்கு வாங்குவார்கள் என்று மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "டீச்சருக்கு இதுதான் கடைசி வருஷம்போல" என்று பள்ளி முதலாளி அந்த முறை அத்தையின் காதில் போட்டுவைத்தார்.

முந்தின நாள் மத்தியானம் அத்தை கத்தியை எடுத்தாள். குளம்பு லட்சணமாக இருந்தால் மருத்துவர் மனசு இளகும் என்று ஒரு கணக்கு. விடுமுறைக்கு வந்திருந்த நான் வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போதும்மா" என்றார் மாமா, புல்லுக்கட்டை இறக்கியபடி.

"நீங்க உங்க புல்லைப் பாருங்க."

"நாளைக்கு என்ன, பொண்ணு பாக்கவா வர்றாங்க? இந்தச் சீவு சீவுறியே!"

"இன்னொரு தடவ போதும்னு சொல்லுங்க, உங்க நகத்தையும் சேத்துச் சீவிடுறேன்."

மாமா விரல்களை மடக்கிக்கொண்டு அடுத்த புல்லுக்கட்டை இறக்கப் போனார்.

மறுநாள் டீச்சர் சரளைக்கல்லில் மூன்று அடி வைத்தது. நான்காவது அடியில், சூடான தரையில் வெறுங்காலோடு மாட்டிக்கொண்டவர்களைப் போலக் காலை வைப்பதும் எடுப்பதுமாகத் தவித்தது. மருத்துவர் பேனாவைத் திறந்தார்.

"எழுதாதீங்க சார்" என்று அத்தை குறுக்கே போய் நின்றாள். "கோளாறு குதிரைகிட்ட இல்ல, என்கிட்ட. அடியில ஜாஸ்தியா சீவிட்டேன். அமுக்கிப் பாருங்க, மெலிசா இருக்கும். ஒரு மாசம் குடுங்க. அப்பவும் நொண்டுச்சுன்னா என்னையும் சேத்து அனுப்பிடுங்க."

மருத்துவர் கட்டைவிரலால் அழுத்தினார். டீச்சர் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டது.

"இத்தனை வருஷ அனுபவத்துல இப்படியா?"

"அனுபவம் இல்லாதவங்களுக்கு இவ்வளவு அழகா சீவ வராது சார்."

முதலாளியே சிரித்துவிட்டார். ஒரு மாதம் கிடைத்தது.

நானாக இருந்தால் வெயில், சரளைக்கல், குதிரையின் வயது என்று காரணங்களை அடுக்கி ஒரு நீளமான மின்னஞ்சல் தட்டியிருப்பேன். படித்துக் கற்றுக்கொண்டது அதைத்தானா என்று அவ்வப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அந்த மாதம் டீச்சர் மணல் திடலை விட்டு வெளியே வரவில்லை. அத்தை சாக்குத்துணியை நாலாக மடித்துக் குளம்புகளில் கட்டுவாள். அது அவிழும். மறுபடி கட்டுவாள். ஒவ்வொரு தடவையும் காலைத் தாங்கிப் பிடித்தது மாமாதான். அந்த ஒரு மாதத்தில் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒருமுறைகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. மருத்துவர் திரும்பி வந்த அன்று டீச்சர் சரளைக்கல்லைச் சாவகாசமாகக் கடந்துபோய் அவர் பையை மோந்து பார்த்தது.

அத்தை முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டாள். மருத்துவரிடம் கேட்டாள். டீச்சரின் காதில்கூட ஏதோ முணுமுணுத்தாள். மாமாவிடம் மட்டும் கேட்கவில்லை.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. டீச்சருக்கு முப்பது முடிந்துவிட்டது. அத்தை அரத்தை எடுத்தால் போதும், மாமா பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமுவார்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. எனக்கு வரவேண்டிய ஒரு வார்த்தை பாக்கி இருக்கு."

"தர்றேன், தர்றேன். ஓடியா போகப்போறேன்?" என்பாள் அத்தை. வழக்கத்தைவிட ஓர் இழுப்பு குறைவாகவே இழுத்து, அரத்தைக் கீழே வைத்துவிடுவாள்.