வால் நுனி வெட்டிய மீன்

இது நடந்தது. இரவில் அல்ல, காலையில். பேய் என்றால் நள்ளிரவு, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசனை என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நான் குடிக்கிறவன் இல்லை. அன்றைக்குக் காய்ச்சலும் இல்லை. இதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்டார்கள்.

1977 ஜனவரி. துபாய்க்குத் தெற்கே கடலுக்குள் கப்பல் அணையும் ஜெட்டி ஒன்று கட்டும் வேலை. வேறு சைட்டிலிருந்து நான் அங்கே மாறி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. நான் பரமக்குடிப் பக்கத்து விவசாயி. கடலைக் கண்டால் கால் நனைக்கவே யோசிப்பேன். அப்படிப்பட்ட என்னைப் பிடித்துக் கம்பெனிக்காரன் கரையிலிருந்து ஒரு மைல் தள்ளி நின்ற பார்ஜில் காவலுக்குப் போட்டான். பார்ஜ் என்றால் பெரிய இரும்பு மிதவை. எஞ்சின் கிடையாது. நங்கூரத்தில் கிடக்கும். தூண்களைக் கடலுக்குள் இறக்குவதற்காக அதன் நடுவில் சதுரமாக ஒரு திறப்பு உண்டு. தூண் வேலை நின்றுபோய், பார்ஜ் சும்மா கிடந்தது. மூன்று நாளைக்கு ஒரு ஆள் என்று மாற்றி மாற்றிக் காவல். பேசத் துணை கிடையாது. பொழுது சாயும்போது என் பெயரை நானே ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன், குரல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. சிரிக்காதீர்கள். மூன்று நாள் தனியாக இருந்து பாருங்கள்.

அந்தத் திறப்புதான் எங்களுக்குப் பொழுதுபோக்கு. பார்ஜின் நிழலில், அங்கே ஷேரி என்று சொல்லும் மீன்கள் கூட்டமாக ஒண்டியிருக்கும். எனக்கு முன்னால் காவல் இருந்த யாரோ குளிர்காற்றுக்குப் பயந்து திறப்பின் மேல் பிளைவுட்டும் தார்ப்பாயும் வைத்து ஒரு கூண்டு கட்டியிருந்தார்கள். உள்ளே உட்கார்ந்து படுதாவை இழுத்துவிட்டால் ஒரே இருட்டு. காலடியில் தண்ணீர் மட்டும் பச்சையாக வெளிச்சம் விடும். இரை கோத்த தூண்டில் முள்ளைத் தங்கூசி என்கிற நைலான் நரம்பில் கட்டி இறக்குவோம். மேல்நுனியைக் கூழாங்கல் போட்ட பால்பவுடர் டின்னில் கட்டிவைப்போம். மீன் கடித்தால் டின் கடகடவென்று ஆடும்.

பிடித்த மீனைப் பெட்டியில் போட்டுவைக்க, கரையில் நாங்கள் தங்கும் கேம்ப்பிலிருந்து மரத்தூள் சுற்றிய ஐஸ் பாளம் வரும். கொண்டுவருபவர் படகுக்காரர் கௌஸ் முகைதீன், கீழக்கரைக்காரர், வயதில் பெரியவர். கேம்ப் மெஸ்ஸில் எல்லோருடைய மீனும் ஒரே பெட்டிக்குள் போகும். உன் மீனா என் மீனா என்று சண்டை வராமல் இருக்க, ஒவ்வொருவரும் மீனின் வாலில் தன் அடையாளத்தை வெட்டிவிடுவோம். என் அடையாளம், வாலின் மேல்பக்கம் ஒரு வெட்டு. அவ்வளவுதான்.

அன்று காலை எனக்கு லீவு. மூன்று வருடத்தில் முதல் லீவு. மதியம் துபாயிலிருந்து பம்பாய்க்குக் கப்பல். நான் ஊரை விட்டு வந்தபோது என் மனைவி பஞ்சவர்ணம் வயிற்றில் இருந்த குழந்தை, இப்போது ஓடியாடுகிற பெண். நான் அவளைப் பார்த்ததே இல்லை. அவளுக்காக ஒரு மஞ்சள் சட்டை வாங்கியிருந்தேன். அதில் ஒரு வெள்ளைப் பொத்தான் விழுந்துவிட்டது. என்னிடம் இருந்தது சிவப்புப் பொத்தான் ஒன்றுதான். அதையே தைத்துவிட்டேன். தையல் கோணல்மாணல். பரவாயில்லை, அப்பன் தைத்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

விடிந்தபோது கடலைக் காணோம்.

மூடுபனி. பார்ஜின் ஓரம்கூடத் தெரியவில்லை. கையை நீட்டினால் விரல் மங்கியது. படகு வரவில்லை என்றால் கப்பல் போய்விடும். அடுத்த லீவு எப்போதோ, யார் கண்டது?

பனி நாளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பார்ஜில் இருப்பவன் இரும்புக் குழாயைத் தட்டவேண்டும். படகில் வருபவர் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, படகின் ஓரத்தைத் தட்டிப் பதில் சொல்வார். பிறகு கயிறு வீசுவார். கௌஸ் பாய் என்னிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். "கயிறு கைக்கு வராம ஏணியில கால வைக்காதீங்க தம்பி. பனியில கண்ணு பொய் சொல்லும்."

தட்டினேன். பதில் இல்லை. குளிரில் உடம்பு நடுங்கியது. பையைக் கூண்டுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை சும்மா இருக்கவில்லை. நரம்பை இறக்கினேன்.

டின் ஆடியது. உடனே. முள் அடி தொடுவதற்குள்.

இழுத்தேன். கனம் இருந்தது, துடிப்பு இல்லை. மேலே வந்தது ஒரு ஷேரி. விறைத்துக் கிடந்தது. தொட்டால் ஐஸ். கண் வெளுத்திருந்தது. செவுளுக்குள் மரத்தூள் ஒட்டியிருந்தது.

வாலைத் திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கம் ஒரு வெட்டு.

என் வெட்டு. நேற்று நான் பிடித்து, ஐஸில் போட்ட மீன்.

ஐஸ் பெட்டி என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. கயிறு போட்டுக் கட்டியது கட்டியபடி இருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். ஐந்து மீன் வைத்திருந்தேன். நான்குதான் கிடந்தது. நடுவில் ஒரு மீன் அளவுக்கு ஐஸில் பள்ளம்.

எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வைக்கும்போது தவறி விழுந்திருக்கும், அதுவே முள்ளில் மாட்டியிருக்கும் என்று. நல்ல சமாதானம். நானே நம்பவில்லை.

டின் மறுபடி ஆடியது.

முள்ளைத் திரும்ப நான் இறக்கவே இல்லை. நரம்பு தானாகத் தண்ணீருக்குள் போயிருந்தது.

இழுத்தேன். இன்னொரு மீன். இதுவும் ஐஸ். ஆனால் இதன் வாலில் என் வெட்டு இல்லை. வாலின் இரண்டு நுனியும் கத்தரித்தாற்போல் நறுக்கப்பட்டிருந்தன. எங்கள் கேம்ப்பில் யாருக்கும் அப்படி அடையாளம் கிடையாது. வெட்டு புதிது. ரத்தம் இன்னும் காயவில்லை.

அப்போதுதான் கேட்டது.

டக்... டக்... டக்...

பலகையைத் தட்டும் சத்தம். படகு.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பயமெல்லாம் பறந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஏணிக்கு ஓடினேன். எனக்குப் பதில் காவலுக்கு வரவேண்டியவன் ஜெயமணி, சின்னப் பையன்.

"ஜெயமணியா?"

"வாங்கண்ணே. கப்பலுக்கு நேரமாச்சு."

குரல் கீழிருந்து வந்தது. மெதுவான குரல். சளி பிடித்த மாதிரி இருந்தது.

"எஞ்சின் சத்தமே கேக்கலையே?"

"துடுப்புப் போட்டு வந்தோம். பையக் குடுங்க மொதல்ல."

குனிந்து பையை நீட்டினேன். பனிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. சட்டைக் கை நனைந்து சொட்டியது. விரல்களில் தங்கூசி அறுத்த கோடுகள். பையை வாங்கும்போது அந்த விரல் என் விரலில் பட்டது.

ஐஸ்.

பெட்டிக்குள் கிடந்த மீன் மாதிரி.

"கௌஸ் பாய் எங்கே?"

"எறங்குங்கண்ணே. ஊருக்குப் போவம்."

'போவம்' என்றான். ஜெயமணி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவன் எதற்கு ஊருக்குப் போகிறான்?

என் இடது கால் ஏணியில் இருந்தது. அது ஏற்கெனவே இறங்கியிருந்தது. எப்போது வைத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

"கயிறு போடு" என்றேன்.

"கயிறு இல்லண்ணே..."

பின்னால் டின் ஆடியது.

கட... கட... கடகடகடகட...

மீன் கடித்தால் அப்படி ஆடாது. யாரோ இரண்டு கையாலும் நரம்பைப் பிடித்து இழுப்பதுபோல் ஆடியது. டின் இரும்பில் மோதி மோதிக் கத்தியது. திரும்பினேன். கால் தானாக மேலே வந்துவிட்டது.

டின் நின்றது.

கீழே பார்த்தேன்.

தண்ணீர். அசையாத தண்ணீர். படகு இல்லை. பை இல்லை. எதுவும் விழுந்த சத்தமும் இல்லை.

கூண்டுக்குள் ஓடிப்போய் இரும்புக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக இன்னொன்று மனசில் நின்றது. 'ஊருக்குப் போவம்' என்று அவன் சொன்ன விதம். மூன்று வருடமாக என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை.

வெயில் ஏறிப் பனி கலைந்த பிறகு எஞ்சின் சத்தம் கேட்டது. கௌஸ் பாயும் ஜெயமணியும் வந்தார்கள். முதலில் கயிறு வந்து விழுந்தது. அதைக் கையில் பிடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"காலையில வந்தீங்களா பாய்?"

"அந்தப் பனியிலயா? கரையிலதான் நின்னோம். உங்க பை எங்க தம்பி?"

நான் அந்த இரண்டாவது மீனை எடுத்துக் காட்டினேன். அவர் வாலைப் பார்த்தார். பிறகு அதைக் கடலில் வீசிவிட்டுக் கையைக் கழுவினார்.

"உமாபதி வெட்டு இது" என்றார். "போன குளிருக்கு இங்க காவல் இருந்தான். இந்தக் கூண்டு அவன் கட்டினதுதான். லீவு நாளு, இதே மாதிரிப் பனி. நாங்க வந்து பாத்தா ஆளும் இல்ல, பையும் இல்ல. தூண்டி மட்டும் தண்ணியில கெடந்துச்சு. பொம்பளப் புள்ள பொறந்திருக்குன்னு கடிதாசி வந்து, பாக்கப் போறேன் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தான்."

பனியால் கப்பலும் தாமதம். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் கம்பெனி ஆபீசில் இருந்ததால் ஓடிப்போய்ப் பிடித்துவிட்டேன். வெறுங்கையோடு வீட்டுவாசலில் நின்றேன். மகள் என்னைப் பார்த்துவிட்டு அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

இதோடு முடிந்திருந்தால் பனியில் மனசு செய்த வேலை என்று நானும் சொல்லியிருப்பேன்.

லீவு முடிந்து திரும்பினேன். பார்ஜுக்கு மட்டும் போகமாட்டேன் என்று சொல்லிக் கரை வேலைக்கு மாறிக்கொண்டேன். அடுத்த குளிர்காலத்தில் பார்ஜை வேறு இடத்துக்கு இழுத்துப் போவதற்கு முன் அடியைப் பார்க்க ஒரு டைவர் இறங்கினார். திறப்பின் கீழே, இரும்பு வளையத்தில், இரண்டு பைகள் தொங்குவதாகச் சொன்னார். பக்கத்தில் பக்கத்தில். ஒரே தங்கூசி நரம்பில் கட்டியிருந்ததாம்.

கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்று என்னுடையது. ஜிப் திறந்து கிடந்தது, உள்ளே சேறுதான். இன்னொன்றில் வெள்ளைப் பெயின்ட்டில் உமாபதி என்று எழுதியிருந்தது. அதன் பூட்டு துருப்பிடித்து இறுகிக் கல்லாகியிருந்தது. சாவி அவனோடு போய்விட்டது. கௌஸ் பாய் சுத்தியலால் அடித்துத்தான் உடைத்தார்.

மேலாக ஒரு மஞ்சள் சட்டை இருந்தது. மடிப்புக் கலையவில்லை. கழுத்துக்குக் கீழே கோணலாக ஒரு சிவப்புப் பொத்தான்.

தொட்டேன். வெயிலில் வைத்த பைக்குள், அந்தச் சட்டை மட்டும் ஐஸாக இருந்தது.

"உங்க புள்ளைக்கு வாங்குனதுதானே? எடுத்துக்கிடுங்க தம்பி" என்றார் கௌஸ் பாய்.

நான் எடுக்கவில்லை. அந்தப் பையை அப்படியே அவன் ஊருக்கு, அவன் மகளுக்கு அனுப்பிவிடச் சொன்னேன்.