போன நேரம் எழுதாத வாசகர்

நம்பாதவர்கள் திருகோணமலைக்கு வந்து எங்கள் நூலகத்து வருகைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம். நவம்பர் பன்னிரண்டாம் திகதி, ஒன்பதாவது வரி. நான் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை.

துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிற சின்ன நூலகம். நான் சிவாஜினி, பதினாறு வருடமாக அங்கே நூலகர். வாசகர்கள் வந்த நேரத்தை ஒழுங்காக எழுதுவார்கள். போன நேரத்தை எழுத மறந்துவிடுவார்கள். கட்டம் வெறுமையாகக் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. பூட்டுவதற்கு முன் நானே ஒரு நேரத்தைப் போட்டுவிடுவேன். அதைப் பெரிய பிழையாக நான் நினைத்ததே இல்லை.

அன்றைக்கு விடாத மழை. பின்னறையில் கிழிந்த புத்தகங்களுக்குப் பசை பூசிக்கொண்டிருந்தேன். 5.45க்கு முன்னறைக்கு வந்து பார்த்தால் ஒரேயொரு கட்டம் வெறுமை. யோகலிங்கம், சாம்பல்தீவு. வந்த நேரம் 3.10. அவருடைய சாய்ந்த எழுத்தேதான்.

யோகலிங்கம் ஐயா ஓய்வுபெற்ற சித்திர வாத்தியார். தினமும் ஜன்னலோரம் இருந்து, ஓவியப் புத்தகங்களைப் பார்த்துப் பென்சிலால் வரைவார். பூட்டப் போகிறோம் என்றால், "இந்தக் கை மட்டும் முடியட்டும் பிள்ளை" என்பார். கை முடிந்தால் கால் தொடங்கும். அந்தக் கள்ளத்தனம் எனக்குப் பிடிக்கும்.

உதவியாளர் றுவைஸ் குடையோடு நின்றார்.

"ஐயா போயிட்டாரோ, றுவைஸ்?"

"நான் காணவே இல்லையே மிஸ். உள்ளுக்கு ஒருத்தரும் இல்ல."

அவர் கிண்ணியா பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். நான் தனியே.

5.52. ஜன்னலோர மேசைக்குப் போனேன். கதிரை பின்னுக்கு இழுத்தபடி இருந்தது. ஓவியப் புத்தகம் விரித்தபடி. பக்கத்தில் பென்சில் சீவல். மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றியது... சீவல் மட்டும் அசையவே இல்லை.

"ஐயா?"

என் மேசைக்குத் திரும்பினேன்.

5.58. சர்ர்... சர்ர்...

தாளில் பென்சில் உரசுகிற சத்தம்.

எட்டிப் பார்த்தேன். கதிரை வெறுமை.

சர்ர்... சர்ர்...

பூட்டிக்கொண்டு போனால் போதும்.

பேனையை எடுத்தேன். கட்டத்தில் எழுதினேன்.

6.05.

சத்தம் நின்றது.

மின்விசிறியும்...

ஐயா இறந்துவிட்டார் என்று மறுநாள் காலை றுவைஸ் சொன்னார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்தபின், அவர் இரவல் எடுத்த புத்தகங்களோடு மகள் பிரியதர்சினி வந்தார்.

"பன்னிரண்டாம் திகதி காலமையே ஆஸ்பத்திரியிலை சேர்த்திட்டம் மிஸ். மூண்டு பத்துக்கு நினைவு தப்பிட்டுது."

"பிறகு?"

"பயமில்லை, தப்பிடுவார் எண்டுதான் டொக்டர் சொன்னவர். ஆனா, அப்பான்ரை வலக்கை மட்டும் படுக்கை விரிப்பிலை கீறிக்கொண்டே இருந்தது. ஆறு மணி போலை ஒருக்காக் கண் முழிச்சவர். 'பூட்டாதை பிள்ளை, இந்தக் கை மட்டும் முடியட்டும்' எண்டவர். ஆறு அஞ்சுக்கு எல்லாம் முடிஞ்சுது."

அவர் கண்ணைத் துடைத்தார்.

"ஆரைச் சொன்னவர் எண்டுதான் எங்களுக்கு இன்னும் விளங்கேல்லை, மிஸ்."

வருகைப் புத்தகம் எங்களுக்கு நடுவில் மேசையில் கிடந்தது. அந்த 6.05 என் எழுத்தில் இருக்கிறது.