என்டர் தட்டாதவர்

லினக்ஸ் இயங்குதள ஆர்வலர்களுக்காகப் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் நடத்திய மாநாட்டுக்கு, அலுவலகக் கணினியைக் கெஞ்சி இரவல் வாங்கி வந்திருந்தேன். முதல் உரை தொடங்குவதற்குள் அதில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் ஏற்றியாக வேண்டும். அலுவலகக் கோப்புகள் அழிந்தால் என் வேலை போய்விடும்.

உதவ வந்தவர் பந்திங் என்ற சிற்றூரிலிருந்து பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். காலில் ரப்பர் சிலிப்பர், சட்டைப்பையில் பிளாப்பி வட்டுகள். எங்கள் குழுவில் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. கூட்டி வந்திருந்த என் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவர் விரல்களையே பார்த்திருந்தேன். வேகமாகத் தட்டி வந்தவர், வன்தட்டை இரண்டாகப் பிரிக்கும் கட்டத்தில் கையை எடுத்துவிட்டார்.

"என்டர் நீங்க தட்டுங்க அக்கா."

"ஏன், அழிஞ்சா பழி என் மேல விழணுமா?"

"நீங்க கொண்டாந்த கம்ப்யூட்டர் லா. வேணாம்னா இப்பவே நிறுத்திடலாம்."

குழந்தையின் கையை விலக்கிவிட்டு நானே தட்டினேன். கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. நான் நிமிர்வதற்குள் அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டிருந்தார். "என்டர் நீங்க தட்டுங்க அங்கிள்" என்பது காதில் விழுந்தது.

மறுநாள், அலுவலகக் கணினியில் அவர் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாரா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. அவர் தப்பித்துக்கொள்ளப் பார்த்தாரா, என்னை மதித்தாரா என்பது இன்றும் தெரியவில்லை. ஆனால் என் கணினியில் இன்னொருவர் என்டர் தட்ட நான் இப்போது விடுவதில்லை.