படலைக்கு ஒராள்

மருந்துப் பரிசோதகராக வேலை பார்த்தவன் நான். புளியந்தீவு மருந்துக் கடைகளில் லேபிள் கிழிந்த போத்தல் ஒன்று இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் என் அதிகாரம் இங்கிலீஷ் மருந்தோடு முடிந்துவிடும். நாட்டு மருந்து வேறு திணைக்களம். அதன் கண்கள் கொழும்பில் இருந்தன. பொடி மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தது.

வந்தாறுமூலைக் கம்பஸுக்கென்று பஸ் ஏறிய மகன் திரும்பி வராத வருசம் அது. ஒவ்வொரு இராணுவ முகாமாக விசாரித்தோம். எல்லா இடத்திலும் ஒழுங்கு முறைப்படி "இல்லை" என்றார்கள். மனைவி உறங்குவதை விட்டுவிட்டாள். செங்கலடி நாட்டு வைத்தியர் உறக்கத்துக்கென்று ஒரு கடதாசிச் சரையில் பொடி கட்டித் தந்தார்.

"இதில என்ன சேருது?"

"சர்ப்பகந்தி வேர், ஐயா. சாதிக்காயும் கொஞ்சம்."

"வேர் எவ்வளவு?"

"அது கைக்குத் தெரியும். ஐயா சோதனைக்கு வந்த மாதிரியெல்லோ கேக்கிறீங்க."

அந்த வேர் இரத்த அழுத்தத்தை இறக்கும். பிரஷர் குளிசை எடுப்பவர்களுக்கு ஆகாது. குளிசை எடுப்பவன் நான், அவள் அல்ல. ஆகவே அனுமதி வழங்கினேன்.

அவள் ஒன்றுதான் கேட்டாள். "இதக் குடிச்சிட்டு உறங்கினா, பிள்ளை வாசல் படலையில நிண்டு கூப்பிட்டா எனக்குக் கேக்குமா?"

பக்கவிளைவுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. "கேக்கும்" என்றேன்.

பொடி குறைந்துகொண்டே வந்தது. வீட்டில் நானும் நன்றாக உறங்கினேன். எழும்பினால் தலை சுற்றியது. வயதின் மேல் பழியைப் போட்டேன். ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் கேட்டார்: "நாட்டு மருந்து ஏதும் எடுக்கிறீங்களா?"

"என்னட்டயே கேக்கிறீங்களா, தம்பி? இல்லை."

கட்டிலருகே நின்ற மனைவி தலை குனிந்தாள். "பின்னேரத் தேத்தண்ணியில கலந்து குடுத்தன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க தலையணைக்குள்ள அழுறது எனக்குக் கேட்டுது. ரெண்டு பேரும் முழிச்சிருந்து என்ன? படலைக்கு ஒராள் முழிச்சிருந்தாக் காணும்."

டொக்டர் பொடியை நிறுத்தச் சொன்னார். மீதியை வாவியில் கொட்டினேன்.

அதன் பிறகு முறை வைத்து விழித்திருந்தோம். முன்சாமம் நான், பின்சாமம் அவள். அவளுடைய ஊரான கிரானில் வேளாண்மைக் காவலுக்கு அப்படித்தானாம். என் முறையில் அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். உறங்குகிறாளா என்று நான் கேட்டதில்லை. மூச்சுச் சத்தத்திலேயே விழிப்புத் தெரிந்தது.