மூன்று, நான்கு, ஐந்து

பலமனேர் தக்காளி மண்டி வேலையை விட்டுவிட்டுச் சித்தூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு மனையில் அஸ்திவாரத்துக்குக் கோடு போட்டிருந்த சுண்ணாம்புப் பொடி சாக்பீஸ் போல மணத்தது. பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது.

எட்டாம் வகுப்பு வீட்டுப்பாடம். செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் மூன்று, நான்கு. நீண்ட பக்கம் எவ்வளவு? ஐந்து என்று மட்டும் எழுதியிருந்தேன்.

"ஸ்டெப்ஸ் எக்கடரா, எங்கே? எவனைப் பாத்து எழுதுனே?" என்றார் கணக்கு சார்.

"எங்க நைனா கொத்தனாரு சார். செவுத்து மூலைக்குக் கயித்துல மூணு, நாலு, அஞ்சுன்னுதான் அளப்பாரு."

"பரீட்சைக்கும் கயிறு எடுத்துக்கினு வா."

வகுப்பே சிரித்தது. கரும்பலகையில் படிப்படியாகப் போடச் சொன்னார். ஒரு வரிகூட வரவில்லை. அதன்பின் நான் பள்ளிக்குப் போகவில்லை.

சித்தூர் சேர்ந்த மறுநாள் காலை கட்டட வேலை கேட்டு நின்றேன். மேஸ்திரி ஒருவர், "கயிறு புடிச்சு மூலைமட்டம் பாக்கத் தெரியுமாடா?" என்று கேட்டார். தெரியும். எப்படி என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து, "தெரியாதுங்க" என்றேன். செங்கல் தூக்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.