நர்சம்மா ஊற்றிய தண்ணீர்

ராயபுரம் ஃப்ளோரா நர்சம்மா எதற்கும் பயப்படாதவள் என்று எண்ணூர் வரைக்கும் பேர். குடித்துவிட்டு வாசலில் கத்துகிற புருஷன்மார்களைத் துடைப்பக்கட்டையால் ஓட்டியவள். கால் முதலில் வந்த குழந்தைகளை உயிரோடு எடுத்தவள். அந்த ஃப்ளோராதான் நான்கு வருஷமாக ஒரு சின்னப் பெண்ணைக் கண்டால் நடுங்கிக்கொண்டிருந்தாள். சிரிக்காதீர்கள், முழுக்கக் கேளுங்கள்.

நாற்பத்தேழாம் வருஷம் ஐப்பசி மழையில், காத்திவாக்கத்து மீனவப் பெண் அங்கம்மாவுக்கு அவள்தான் பிரசவம் பார்த்தாள். தலைச்சன், பெண். குழந்தை நீலம் பாரித்து வந்தது, அழவில்லை. முதுகில் தட்டினாள், வாயில் ஊதினாள், ஒன்றும் பலிக்கவில்லை.

"இன்னா நர்சம்மா, சத்தத்தையே காணோம்?"

"எல்லாம் நல்லாத்தான் கீது, நீ கம்முனு படு" என்று முதுகைத் திருப்பிக்கொண்டாள் ஃப்ளோரா. பானையிலிருந்து ஒரு கை தண்ணீர் எடுத்து அந்தத் தலையில் ஊற்றி, பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்து பேரால் என்று முணுமுணுத்தாள். சாகப்போகிற குழந்தைக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று மாதா கோவிலில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கொடுத்து முடித்தாளோ இல்லையோ, குழந்தை வீலென்று கத்தியது!

அப்போது சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். பயம் பிடித்தது திரும்பி வரும்போது, ரயிலில். மடத்துக் கன்னியாஸ்திரீ ஒருத்தி எப்போதோ சொன்ன கதை. ஏதோ ஒரு தேசத்தில் வேலைக்காரி இப்படித்தான் வேற்றுமதக் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றினாளாம். குழந்தை இனி சபைக்குச் சொந்தம் என்று போலீஸே வந்து தூக்கிப்போனதாம். அய்யோ மாதாவே! சாமியாரிடம் சொன்னால் அங்கம்மாவின் குழந்தை குணசுந்தரியைத் தாயிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள். சொல்லாமல் மறைத்தால் பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட மன்னிப்பே செல்லாது, நரகம்தான். குப்பத்துக்குத் தெரிந்தாலோ தோலை உரித்துவிடுவார்கள். கோவிலில் ஞானஸ்நானப் பதிவேட்டை யாராவது திறந்தாலே அவள் பக்கக் கதவு வழியாக நழுவிவிடுவாள்.

ஐம்பத்தொன்றில் அங்கம்மா மறுபடி முழுகாமல் இருந்தாள். நீதான் வரணும் என்று ஆள் அனுப்பினாள். இதற்குமேல் தாங்காது என்று ஃப்ளோரா பங்குச் சாமியார் ஸ்டானிஸ்லாஸிடம் முழங்காலிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் தட்டியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கேட்டாள்.

"புள்ளைய எடுத்துக்குவீங்களா சாமி?"

"யார் எடுக்கறது? பிள்ளை தாயோடதுங்கறது சர்வேசுரன் மனுஷ சுபாவத்துலயே எழுதின பிரமாணம், மகளே. மத்த சட்டமெல்லாம் அதுக்குப் பின்னாடிதான். அதைத் திருத்த எனக்கும் அதிகாரம் இல்ல, எனக்கு மேல இருக்கற மேற்றிராணியாருக்கும் இல்ல."

அப்பாடா என்று மூச்சு விட்டாள். அவர் முடிக்கவில்லை.

"அதே பிரமாணம்தான் உன்னையும் பிடிக்குது. அவ பிள்ளைக்கு நீ செஞ்சதை அவகிட்ட மறைக்க உனக்கு உரிமை கிடையாது. போய்ச் சொல்லு."

"கொன்னுபோட்டுடுவாங்க சாமி!"

"ஜெபம் பண்றேன்" என்றார் அவர். அவ்வளவுதான்.

மறுநாள் பகலில் போனாள். அங்கம்மா நிறைமாத வயிற்றோடு வாசலில் அரிவாள்மனை போட்டு மடவை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். குணசுந்தரி பக்கத்தில் செதிலை மண்ணில் புதைத்து விளையாடினாள். நாலு அடி தள்ளி ஆண்கள் வலை உலர்த்தினார்கள். ஃப்ளோராவின் கண் அரிவாள்மனையை விட்டு நகரவில்லை. ஆனாலும் தணிந்த குரலில் சொன்னாள், ஒன்று விடாமல்.

அங்கம்மாவின் கை நின்றது.

"தண்ணி எங்க பானைத் தண்ணிதானே, அத்த வுடு. அப்போ எம்புள்ள சாவப்போவுதுன்னு உனக்குத் தெரிஞ்சிதா?"

ஃப்ளோரா ஆமென்று தலையாட்டினாள்.

"நல்லாத்தான் கீதுன்னியே." குரல் ஏறவே இல்லை, அதுதான் ஃப்ளோராவை உலுக்கியது. "நான் பக்கத்துலயே படுத்துகினு கீறேன். அன்னிக்கு உன் சாமிக்குச் சொன்ன, பெத்தவளுக்குச் சொல்லல. ஒருதபா மூஞ்சியப் பாத்திருப்பேனே. செத்திருந்தாலும் எங்கையிலயாவது போயிருக்குமே."

நான்கு வருஷம் எதற்கெல்லாமோ பயந்து செத்த ஃப்ளோராவுக்கு இது ஒருநாளும் தோன்றியதில்லை. அவமானத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு, இனி இந்தப் பக்கம் நமக்கு வேலையில்லை என்று எழுந்தாள்.

"எங்க போற? அடுத்த வாரம் வரணும் நீ." அங்கம்மா கண்ணைத் துடைக்கவில்லை. "இந்தத் தபா, உசுரோ பொணமோ, மொதல்ல எங்கையில குடு. அப்பால உன் சாமியக் கூப்டுக்கோ."

அடுத்த வெள்ளிக்கிழமை பையன் பிறந்தான். அவனும் அழவில்லை. தொப்புள்கொடியை அறுக்கும் முன்பே, "அழல அங்கம்மா, பயமா கீது" என்று சொல்லி அவள் கையில் கொடுத்தாள். அங்கே போய்த்தான் அவன் அழுதான்.