மதினி என்று அழைக்கப்படாதவர்

பிறருக்கு நல்லது செய்வதில்கூட ஒருவருக்குப் பொறாமை வருமா? பூமயிலின் வாழ்க்கை எழுப்பிய கேள்வி இது.

சாயல்குடிப் பக்கம் மிளகாய் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மதுரையில் சமூகப்பணி முதுகலையில் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினார். அதே வகுப்பில் தட்டுத்தடுமாறித் தேறிய முருகேஸ்வரியும் அவரும் ஒரே தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, புதுமடத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்குச் சங்கம் அமைத்தார்கள். திட்டங்களை எழுதியவர் பூமயில். ஆனால் பெண்கள் வீட்டுச் சங்கடங்களைச் சொன்னது முருகேஸ்வரியிடம்தான். அண்ணன் மனைவியைக் கூப்பிடுவதுபோல் அவரை ‘மதினி’ என்றார்கள். பூமயிலை ‘டீச்சர்’ என்றார்கள்.

ஒருநாள் பாசியைக் காயப்போட்டுக்கொண்டிருந்த வெள்ளையம்மாளிடம் பூமயில் கேட்டேவிட்டார்: “என்னயும் மதினின்னு கூப்புட்டா என்னவாம்?”

“ஆத்தாடி, ஒங்களயா டீச்சர்? மதினின்னா கேலி பேசணும். ஒங்ககிட்ட வாயத் தொறந்தா பரீச்ச வச்சிருவீகளே!”

எல்லோரும் சிரித்தார்கள். முருகேஸ்வரியும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பூமயில் மறக்கவே இல்லை.

2006இல் பூமயில் மேற்பார்வையாளரானார். இருவரில் ஒருவர் சாயல்குடிக்கு மாற வேண்டும், யாரென்று அவரே முடிவு செய்யலாம் என்றது நிறுவனம். தன்னைத்தான் அனுப்புவார் என்று முருகேஸ்வரி பெட்டியைக்கூடக் கட்டிவிட்டார்.

பூமயில் தன் பெயரைச் சொன்னார். பெருந்தன்மை என்றார்கள் சிலர். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், “சும்மாதான்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினார்.